காத்து சரியில்ல

"இன்னைக்கும் தண்ணியில கால் வைக்கலேன்னா, அந்தப் பலகை மேல நான் வடாம் பிழிஞ்சிடுவேன். சொல்லிட்டேன்."

காரில் ஏறும்போதே திலகவதி கெடு வைத்துவிட்டாள்.

அவள் கணவர் செந்தில்நாதன், சுரங்கத்தில் மலை மாதிரி இயந்திரங்களை மேய்க்கிற மனுஷன், வீட்டில் வாய் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான். காரின் தலையில் பலகையை ஏற்றி, கயிற்றை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

ஐம்பது வயதுக்கு மேல் வந்த ஆசை அது. பலகையில் நின்றுகொண்டு, அதில் நட்டிருக்கும் பாயைப் பிடித்துக்கொண்டு, காற்று இழுத்த இழுப்புக்குக் கடலில் போவது. விண்ட்சர்ஃபிங். லீவு போட்டுக் கோவளத்தில் கற்றுக்கொண்டு, பழைய பலகை ஒன்றையும் கையோடு வாங்கி வந்துவிட்டார். நெய்வேலியில் கடல் இல்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து வீக்லி ஆஃப் வந்தால் போதும், கடற்கரையைப் பெண் பார்க்கிற படலம்.

"எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்கணும், திலகா. எது தோதோ, அங்க இறங்கிடலாம்."

ஒப்பிட்டார். தேவனாம்பட்டினத்தில், "காத்து பாத்துட்டு வந்துடறேன்" என்று போனார். திரும்பி வந்து, "காத்து சரியில்ல" என்றார். சொல்லும்போது திலகவதியின் முந்தானை அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

சாமியார்பேட்டையில் "அலை ஒத்து வராது." புதுச்சேரியில் "கூட்டம்."

இதில் வேடிக்கை என்னவென்றால், காத்து பார்க்கப் போகிறவர் கடல் பக்கமே போவதில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைகளுக்குப் பின்னால் போவார்.

திலகவதிக்குப் புரியாதா என்ன?

"பயத்துல வயித்தைக் கலக்குதுடி அந்த மனுஷனுக்கு" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் இசக்கியம்மாளிடம் சொன்னாள். அவளிடம் சொன்னால் பிளாக் முழுக்கச் சொன்ன மாதிரி. ஷிப்ட் பஸ்ஸில் இப்போது, "என்ன சார், காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் டிரைவரே வண்டியை எடுக்கிறாராம்.

"நான் எதுக்குங்க கூட? தனியாப் போயி பயப்படக் கூடாதா?" என்றாள் திலகவதி, கார் கிளம்பியதும்.

"கடலுக்குள்ள போனா கரை மொத்தமும் ஒரே மாதிரி தெரியும். நீ நின்னாத்தான் எங்க திரும்பி வரணும்னு எனக்குத் தெரியும்."

"ஓஹோ! அதுக்குத்தான் மஞ்சப் புடவை கட்டச் சொன்னீங்களா? நான் என்ன லைட் ஹவுஸா?"

அவர் பாட்டிலை நீட்டினார். "தண்ணி குடி."

"வேணாம்."

கான்வென்ட் காலத்துப் பழக்கம். வழியில் பஸ்ஸை நிறுத்த முடியாது என்று, எக்ஸ்கர்ஷன் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே சிஸ்டர் எல்லா பாட்டிலையும் மூட வைத்துவிடுவார். இன்றுவரை வெளியே கிளம்பினால், வீடு திரும்பும்வரை திலகவதி ஒரு வாய் தண்ணீர் தொடமாட்டாள். போன கோடையில் இதனாலேயே ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தாள். அதற்காகப் பழக்கம் போய்விடுமா?

புதுச்சத்திரம் தாண்டி ஒரு சின்னக் குப்பம். நாலைந்து படகு, ஒரு வறுத்த மீன் கடை. அவ்வளவுதான் ஊர்.

இன்று செந்தில்நாதன் காத்து பார்க்கப் போகவில்லை. வந்ததும் பலகையை இறக்கினார், பாயை மாட்டினார்.

திலகவதி முந்தானையைப் பார்த்தாள். அது பெட்டியில் மடித்து வைத்த மாதிரி அசையாமல் கிடந்தது.

"ஏங்க, இங்க காத்தே இல்லையே!"

"இது போதும்" என்று சொல்லிவிட்டுக் கடலில் இறங்கிவிட்டார்.

பலகையில் ஏறினார். பாய் துவண்டு தொங்கியது. விழுந்தார். மறுபடி ஏறினார். இந்த முறை பாயும் அவர் மேலேயே விழுந்தது.

போன் அடித்தது. இசக்கியம்மாள்.

"என்னக்கா, அண்ணன் இன்னைக்காவது எறங்குனாவளா?"

"இறங்கிட்டார்டி. காத்தே இல்லாத ஊராப் பாத்து இறங்கியிருக்கார். பயந்தாங்கொள்ளிக்குன்னே ஒரு கடல்!"

மீன் கடைக்காரம்மா மாணிக்கம்மாள் கரண்டியும் கையுமாக எழுந்து வந்தாள்.

"நீங்கதான் அந்த சாரோட சம்சாரமா? ஏம்மா, அவரைப் போயி பயந்தாங்கொள்ளின்றீங்க?"

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"போன வாரம் பைக்ல வந்தாருங்க. இங்க காத்து வராது சார், தெக்கால போங்க, அங்க பிச்சிக்கினு அடிக்கும்னு நான்தான் சொன்னேன். காதுலயே வாங்கல. பொம்பளைங்களுக்கு பாத்ரூம் எங்க இருக்குதுன்னாரு. எங்க வூட்ல இருக்குது, தோ அந்தப் பச்சைக் கதவுன்னேன். உள்ள போயி குழாயத் தொறந்து பாத்தாரு. கதவச் சாத்திச் சாத்திப் பாத்தாரு. தாழ்ப்பா ஆடுதுன்னு, கடைக்குப் போயி ஸ்குரூ வாங்கியாந்து, குந்திக்கினு முடுக்கிட்டுப் போனாரு."

திலகவதி அந்தப் பச்சைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுக்கு சார் இம்மாம் பாடுன்னு கேட்டேன். 'தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா'ன்னாரு."

தூரத்தில் செந்தில்நாதன் எப்படியோ எழுந்து நின்றுவிட்டார். ஒரு கை பாயில், ஒரு கை நெற்றியில். கரையில் மஞ்சள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

அவர் கரையில் வைத்துவிட்டுப் போன பாட்டிலைத் திலகவதி திறந்தாள். மடமடவென்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"அக்கா? என்னக்கா, சத்தத்தையே காணோம்?" போனில் இசக்கியம்மாள். "அங்க காத்து நெசமாவே இல்லையா?"

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள் திலகவதி.

"யார்டி சொன்னா? இந்தக் கரையிலேயே இங்கதான் காத்து பிரமாதம்."