சுமாராகப் பாடுவாள்

“‘நல்லவ’ங்கிறதை இத்தோட ஆறு தடவை சொல்லியாச்சு. வேற எதையாவது சொல்லுங்க!”

பேட்டி எடுப்பவள் ரெக்கார்டரைப் படக்கென்று நிறுத்தினாள். சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று முழித்தார்.

பெரியவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, அவர்கள் வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்து குடும்பத்தாரிடம் கொடுப்பதுதான் அவள் தொழில். பதினோரு வருட அனுபவம். காது கேளாதவர், கோபக்காரர், பாதியில் குறட்டை விடுகிறவர் என்று எல்லாரையும் பேச வைத்திருக்கிறாள். இந்த மனிதரிடம் மட்டும் ஒன்றும் வேகவில்லை.

இத்தனைக்கும் பேட்டி அவரைப் பற்றியதுகூட இல்லை, இறந்துபோன அவருடைய மனைவியைப் பற்றியது. மகளுக்கு அப்போது மூன்று வயது. அம்மாவின் முகம்கூட அவளுக்கு நினைவில் இல்லை. அந்த மகள் நாளைக் காலையில் வேலைக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாள். அதற்குள் அம்மாவின் கதையை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

அவள் ரெக்கார்டரை மறுபடி முடுக்கினாள்.

“பொண்ணு கடைக்குப் போயிருக்கா. ஒரு மணி நேரத்துல வந்துடுவா. மறுபடியும் கேக்கறேன். அவங்க பாடுவாங்களா?”

“பாடுவா.”

“எப்படிப் பாடுவாங்க?”

“சுமாராப் பாடுவா.”

“சுமாராவா? போன வாரம் உங்க அக்கா இதே ரெக்கார்டர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? அவங்க மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே பாடினா, பக்கத்து மாடியில இருக்கறவங்க கையில இருக்கற வேலையைப் போட்டுட்டு நிப்பாங்களாம்.”

“அக்கா எப்பவுமே ஒண்ணை ஒம்பதாச் சொல்லுவா.”

சொல்லிவிட்டு அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒவ்வொரு பதிலுக்கும் இந்தப் பார்வை வேறு. ரெக்கார்டரில் சத்தம் விழக்கூடாதென்று அவள் மின்விசிறியை நிறுத்தியிருந்தாள், ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியிருந்தாள், சுவர்க்கடிகாரத்தைக்கூடக் கழற்றிப் பீரோவில் துணிகளுக்கு அடியில் திணித்திருந்தாள். அவருக்கு வியர்த்து ஊற்றியது. நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

“சரி, அவங்களை முதல் முதலா எங்க பார்த்தீங்க?”

“லிஃப்ட்ல.”

“லிஃப்ட்ல எப்படி?”

“ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டா. நான் போய் வெளியே எடுத்தேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“நாப்பது நிமிஷம்.”

“அது பத்து நிமிஷ வேலைன்னு உங்க அக்கா சொன்னாங்க. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னு பேசிக்கிட்டே இருந்தீங்களாமே?”

“அது... பழைய மாடல் லிஃப்ட். பூட்டுல கோளாறு.”

“அவங்க சிரிச்சா எப்படி இருப்பாங்க?”

“எல்லாரும் சிரிக்கிற மாதிரிதான்.”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்லில்கூட நார் உரித்துவிடலாம் போலிருந்தது. ரெக்கார்டரை நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தை மூடி மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

“லிஃப்டுக்கு மாசாமாசம் ரிப்போர்ட் எழுதுவீங்களே, அந்த மாதிரியே இருக்கு. கோளாறு இல்லை, ஒழுங்கா ஓடுச்சு, கையெழுத்து! அந்தப் பொண்ணு முன்னப் பின்ன தெரியாத ஊர்ல தனியா உக்காந்து இதைப் போட்டுக் கேக்கப்போறா. என்ன நினைப்பா? நம்ம அப்பாவுக்கு அம்மாவைப் பிடிக்கவே இல்ல போலன்னு நினைப்பா.”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

“அப்ப வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்! அவங்க கூட வாழ்ந்தது நீங்கதானே? நீங்க சொல்லாம முழுங்கிட்டா அந்தக் குழந்தைக்கு வேற யாரு சொல்லுவா?”

கோபமாக ஆரம்பித்த குரல் முடிவில் உடைந்துவிட்டது. அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அவர் மேஜை விரிப்பில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்து இழுத்து விரலில் சுற்றினார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

“வேற யாராவது வந்து கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தத் தொழிலில் இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை.

“ஏன், எங்கிட்ட என்ன குறையைக் கண்டீங்க? இருநூறு பேருக்கு மேல பேட்டி எடுத்திருக்கேன். செத்துப்போன பெண்டாட்டியைப் பத்தி எத்தனை பேர் எங்கிட்ட மனசைக் கொட்டி அழுதிருக்காங்க தெரியுமா?”

“அவங்க யாரையும் நீ கல்யாணம் பண்ணிக்கலையேடி!”

அவள் அப்படியே அவரைப் பார்த்தாள். பிறகு ரெக்கார்டரை முடுக்கி அவர் பக்கமாக நகர்த்திவிட்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

“இன்னும் ஒரு மணி நேரத்துக்கு உங்க பெண்டாட்டி ஊர்லயே இல்ல, இப்பச் சொல்லுங்க.”