எழுபத்து மூன்றாவது பதில்

பத்துப் பேர் வரிசையாக ஒரே மாதிரி யோசித்திருந்தார்கள். முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முனைவர் பட்டத்துக்கு இது போதுமே.

அவளுடைய ஆய்வு, கல்லூரி மாணவர்களின் படிப்பில் ஏஐ பற்றியது. மாணவர்களுக்குக் கொடுத்த கேள்வித்தாளில் கடைசிக் கேள்வி: "ஏஐ உங்கள் கற்றலை எவ்வாறு மேம்படுத்துகிறது?"

எல்லாரும் 'மூன்று முக்கிய வழிகளில்' என்று ஆரம்பித்திருந்தார்கள். 'மொத்தத்தில்' என்று முடித்திருந்தார்கள்.

முப்பதாவது பதிலில்தான் உறைத்தது.

ஏஐ பற்றிய கேள்விக்கு ஏஐயையே பதில் எழுத வைத்திருக்கிறார்கள்.

களவாணிப் பசங்க, என்று திட்ட வாயெடுத்தாள்.

வாய் பாதியிலேயே நின்றது. இவளுக்குக் கேள்விகளை எழுதித் தந்ததும் அதே ஏஐதானே.

அதுவே கேட்டு, அதுவே பதில் சொல்லியிருக்கிறது. நடுவில் இவள் தபால் கொடுத்திருக்கிறாள். ஆறு கல்லூரி வாசல், பங்குனி வெயில், "அஞ்சு நிமிஷம்தான் தம்பி" என்று நூற்றிருபது கெஞ்சல்.

மணி மூன்றரை. நான்கு மணிக்கு ஆய்வு நெறியாளர் போனில் அழைப்பார். ஆய்வேட்டின் நான்காம் இயல் இன்று போகாவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

வேறு வழியில்லை. பதில்களை வகைப்படுத்தச் சொல்லி அதையே கேட்டாள்.

நொடியில் பட்டியல் வந்தது. அடியில் ஒரு குறிப்பு.

'73ஆவது பதில் மிகச் சிறியது. ஆய்வுக்குப் பயன்படாது. நீக்கிவிடலாமா?'

எடுத்துப் பார்த்தாள்.

'அது திட்டாதுக்கா. அதான்.'

பேரில்லை. ஊரில்லை.

மறுபடி படித்தாள்.

கேள்விகள் தயாரிக்கத் தெரியவில்லை என்று நெறியாளரிடம் போய்ச் சொல்லாமல், அன்றைக்கு இவள் ஏன் லேப்டாப்பைத் திறந்தாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நேரம் மிச்சம், அது இது என்று அளந்திருப்பாள்.

மூன்று முக்கிய வழிகளில்.

திரை காத்துக்கொண்டிருந்தது. நீக்கிவிடலாமா?

'வேண்டாம்' என்று தட்டினாள்.

போன் அடித்தது. பத்து நிமிடம் முன்னதாகவே.

"என்னம்மா, நாலாம் இயல் முடிஞ்சுதா?"

எழுந்து நின்றாள். போனில்தான் பேசுகிறோம் என்பது மறந்துவிட்டது.

"சார், ஒண்ணு சொல்லணும். திட்டாம கேப்பீங்களா?"



மறுமுனையில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.