ரூட் இரண்டும் மைனஸ் ரூட் இரண்டும்

கம்பெனியின் கணக்குப்படி கவியா இந்நேரம் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தாள்.

நிஜத்தில் அவள் இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில், அரிசி டின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் சென்னையிலிருந்து மூன்று பேராசிரியர்கள். கணித ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டு, இந்த ஓர் இடத்திலிருந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதுவும் போனால் கடைசிவரை ஸ்க்ரூதான்.

லீவு கேட்டுப் பார்த்தாள். ஆடிட் முடிகிறவரை யாருக்கும் கிடையாது என்று சூப்பர்வைசர் பிரவீன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

வழி சொன்னவள் அறைத்தோழி இசக்கிசெல்வி. இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வேலை. இந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட், இவளுக்கு மதிய ஷிப்ட்.

“மூஞ்சியா தெரியப்போவுது? தொப்பியும் மாஸ்க்கும் மாட்டிட்டா நீயும் ஒண்ணுதான், நானும் ஒண்ணுதான். பேசாம போயி பரீட்சைய முடி.”

சொன்னபடியே செய்தாள் இசக்கி. காலை ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தவள், தன் அடையாள அட்டையைக் கழற்றிக் கவியாவிடம் கொடுத்தாள். கவியாவின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதிய ஷிப்ட் கூட்டத்தோடு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

சாப்பிட்டாயா என்று கேட்கவேண்டும் என்றுகூடக் கவியாவுக்குத் தோன்றவில்லை. அறைக்கு ஓடிவந்து, அந்த அட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, போனைத் திறந்தாள்.

முதல் கேள்வியே தெரிந்த கேள்வி. கண்ணாடி போட்ட பேராசிரியை கேட்டார்: பின்னங்களும் முழு எண்களும் மட்டுமே தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார். ரூட் இரண்டு எது, மைனஸ் ரூட் இரண்டு எது என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியாது என்றாள் கவியா. அவர் எந்தச் சமன்பாட்டை எழுதினாலும், ஒன்று அதற்குப் பொருந்தினால் மற்றதும் பொருந்தும். இரண்டையும் இடம் மாற்றி வைத்தாலும் கூட்டலும் பெருக்கலும் அப்படியே நடக்கும். பின்னம் மட்டும் தெரிந்த அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது.

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அந்த ஆள் தொப்பி போட்ட பிரவீனாகத் தெரிந்தார்.

அந்த நேரம் பார்த்துத் திரையின் மேல் அம்மாவின் பெயர் வந்தது. துண்டித்தாள்.

ஷிப்ட் நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டாள். போன் லாக்கருக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்புறம் ஏன்?

கீழ்வீட்டில் குழாய் மோட்டார் உறுமத் தொடங்கியது. வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாவின் குரல் படியேறி வந்தது.

“மோட்டாரு போட்டுகினு கீறேன், சத்தமா இருந்தா கதவ சாத்திக்கோம்மா.”

கவியா காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

பேராசிரியை அடுத்ததைக் கேட்டார். “அந்த இடமாற்றம், புதிய எண்களைச் சேர்த்து இன்னும் பெரிய களத்துக்குப் போனாலும் செல்லுமா?”

“செல்லும்” என்றாள். யோசிக்காமல் வந்த பதில்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். அதற்குள் மறுபடி அம்மாவின் பெயர். துண்டித்தாள். மறுபடியும். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மேல் கோபமாகவும் இருந்தது.

கண்ணை மூடினாள்.

“இல்லை மேடம், தப்பாகச் சொல்லிவிட்டேன். எப்போதும் செல்லாது. இரண்டின் நான்காம் மூலத்தைக் கொண்டுவந்து சேர்ப்போம். அதன் வர்க்கம் ரூட் இரண்டு. புதிய களத்தில் இருப்பதெல்லாம் மெய்யெண்கள்தான். அங்கே எதை வர்க்கப்படுத்தினாலும் மைனஸ் ரூட் இரண்டு வராது. அந்த ஒரு எண் வந்து சேர்ந்தால் போதும், எது எது என்று தெரிந்துவிடும். இடமாற்றம் பிடிபட்டுவிடும்.”

பேராசிரியை முதல்முறையாகச் சிரித்தார். ஓரத்தில் இருந்தவர் எதையோ குறித்துக்கொண்டார். முடிவு மின்னஞ்சலில் வரும், விடுதிக்கு மட்டும் சீக்கிரம் எழுதிப் போட்டுவிடுங்கள் என்றார்கள். விடுதி கேட்கச் சொன்னால் இடம் கிடைத்த மாதிரிதான்.

திரை அணைந்தது. எழுந்து குதிக்கவேண்டும் போலிருந்தது கவியாவுக்கு. முதலில் இசக்கியிடம் சொல்லவேண்டும்.

போன் அடித்தது. அம்மாதான். எடுத்தாள்.

“அம்மா.”

அவ்வளவுதான் சொன்னாள். மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

“கவியாவா? ஏட்டி, நீதானா பேசுத? கம்பெனியில இருந்து போன் பண்ணினாவ. நீ லைன்ல மயங்கி விழுந்துட்டியாம். தலையில அடியாம், இன்னும் முழிக்கலையாம். ஒடனே பொறப்பட்டு வாங்கன்னாவ. நானும் அப்பாவும் பஸ் ஸ்டாண்டுல நிக்கோம்.”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. நான் ரூம்லதான் இருக்கேன்.”

அம்மா விட்ட பெருமூச்சு போனுக்குள் இரைந்தது. கும்பிட்ட சாமி கைவிடவில்லை என்றாள். அப்பாவிடம் திரும்பி, பிள்ளைக்கு ஒன்றுமில்லையாம் என்றாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

“அப்ப, அங்க கெடக்கது யாரு பெத்த பிள்ளைட்டி?”

ஆணியில் இசக்கிசெல்வியின் அட்டை பின்பக்கம் தெரியத் தொங்கியது. அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண் என்று போட்டு, அதன் கீழே மாசானம் (அம்மா) என்று ஓர் எண் இருந்தது.

அந்த எண்ணுக்கு இன்னும் யாரும் போன் பண்ணவில்லை.