சோற்றில் உப்பு

"உம்ம வீட்டுக் கிறுக்கு எங்களுக்கு வேண்டாம்வே," என்றார் ஞானசிகாமணி, நிலைப்படியைத் தாண்டியதும்.

டாக்டர் அப்பாத்துரை நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஞானசிகாமணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உபதேசியார்கள் பிறந்த குடும்பம் அவருடையது. இந்த மாதிரி வீட்டில் உட்கார்ந்தால் வேட்டியில் கறை ஒட்டும்.

சபையறிய மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில், முதல் ஓலை கோயிலில் வாசித்தாகிவிட்டது. அடுத்த ஓலைக்குள் தன் மகன் எலியேசரை இந்தச் சம்பந்தத்திலிருந்து பிரித்துவிட வேண்டும்.

"யாருக்குக் கிறுக்கு அண்ணாச்சி?"

"உம்ம மக பியூலாவுக்குத்தான். 'கிறுக்கு இருக்கு, கல்யாணத்துக்குள்ள சரியாக்கிடலாம்'னு ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நீரேதான சொன்னீரு?"

டாக்டர் ஏதோ முனகினார். குட்டு உடைந்தவன் வாயைத் திறந்து பேசவா போகிறான் என்று ஞானசிகாமணி வலது பக்கமாகத் திரும்பி நின்றார்.

கதவோரம் பியூலா வந்து நின்றாள். முழியைப் பார்த்தாலே தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டார். பின்னால் ஆறு வேறு இரைந்து எரிச்சலை மூட்டியது.

"பாபநாசத்துல மழையா? ஆறு இந்த இரை இரையுது."

"சித்திரையில ஏது மழை அண்ணாச்சி? ஆத்துல மணலுதான் கிடக்கு."

"பேச்சை மாத்தாதீரும். சோத்துல உப்புப் போட்டுத் திங்குதவனா இருந்தா, கிறுக்கச்சிய என் மகன் தலையில கட்டப் பாப்பீரா?"

சொல்லிவிட்டு வெடுக்கென்று திரும்பினார். சுவர் சாய்ந்தது. கூரை கீழே வந்தது. டாக்டர் தாங்கிப் பிடித்து, அதே நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு வலது காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்.

"நான் கிறுக்குன்னு சொல்லல. கிறுகிறுப்புன்னு சொன்னேன். அதுவும் உங்களுக்கு. ஜெபத்துல முழங்காலூன்றி எந்திரிக்கையில தள்ளாடினீக. உங்க இடது காதுக்குள்ள நீர் கோத்திருக்கு. அதுதான் இரையுது, கேக்கவும் விடமாட்டேங்குது. ஆளை நிமித்தி நிறுத்துததும் அந்தக் காதுதான்."

ஞானசிகாமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். மணல் கிடக்கும் ஆறு இன்னமும் இரைந்தது.

"அடுத்த ஓலைக்கு நிமிந்து நிக்க முடியுமாவே?" என்றார், அதிகாரம் குறையாமல்.

"பைய நிக்கலாம். மருந்து தாரேன். பத்தியம் மட்டும் தப்பக் கூடாது."

"என்ன பத்தியம்?"

கதவோரத்திலிருந்து பியூலா பதில் சொன்னாள்.

"இனிமே நீங்க சோத்துல உப்புப் போட்டுத் திங்கக் கூடாது மாமா."