காந்தம் ஒட்டும் இடம்

பெயின்ட் அடிக்க வந்த ஸ்கூல் வேனின் பக்கவாட்டில் இருதயராஜ் காந்தத்தை வைத்தார். பொத்தென்று விழுந்தது. உள்ளே தகரமே இல்லை. துரு தின்ற இடத்தையெல்லாம் பட்டி மாவு அப்பி மறைத்து, மேலே மஞ்சளைப் பூசி எவனோ விற்றிருக்கிறான். ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்தது. கதவில் வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"இதுக்கு மேல எங்கடே பெயின்ட் அடிக்க? பிள்ளைங்க சாஞ்சு உட்காருத இடம்லா."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கு, அண்ணாச்சி," என்றான் நேற்றுத்தான் வேனை வாங்கியிருந்த சேர்மக்கனி. குனிந்து காந்தத்தை எடுத்தான். சட்டையில் துடைத்தான். கதவில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான்.

"ஒட்டுது அண்ணாச்சி. பாருங்க, ஒட்டுது."

கையை எடுடே என்று சொல்ல இருதயராஜுக்கு வாய் வரவில்லை.