நடுவில் பூசிய மெழுகு

தாவூத் தன் பைக்குக்குத் தானே சீட் செய்ய ஆசைப்பட்டார். களிமண்ணில் அச்சு பிடித்து, அதன்மேல் மெழுகு தடவி, ஃபைபர் துணியை விரித்து ரெசின் என்ற பிசினைப் பூசிவிட்டுப் போனார். இளவெயிலில் ரெசின் இறுக இறுக, துணி மெல்லச் சீட்டாக மாறிக்கொண்டிருந்தது. அரைத்தூக்கத்தில், அச்சின் வளைவெல்லாம் தன் வளைவாகிவிட்ட சுகம் அதற்கு.

"உன்னைவிட்டு எங்கேயும் போகமாட்டேன்," என்று முணுமுணுத்தது.

"போவாய். நமக்கு நடுவில் மெழுகு இருக்கிறதே," என்றது அச்சு.

சீட்டுக்குச் சுருக்கென்றது. "அதை ஏன் தடவவிட்டாய்?"

"ஒட்டிக்கொண்டால் பிரிக்க உளி வரும். நீ உடைந்துபோவாய்."

தாவூத் வந்து விளிம்பைப் பிடித்துத் தூக்கியதும் சீட் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கோபத்தில் அச்சைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மலைப்பாதையில் மேகத்துக்குள் போகும்போது பைக் கேட்டது: "இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறாயே, உன்னை யார் வளர்த்தது?"

ஈரக்காற்று சீட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் போனது. அங்கே உளி பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை.

"கொஞ்சம் வீட்டுப் பக்கம் திரும்பலாமா?" என்றது சீட்.