சாம்பல் குருவி இருக்கிறதா?

ஒலிப்பதிவு ஓடி முடிந்ததும் கூட்ட அறையே கைதட்டியது.

தவளை ஆராய்ச்சிக்காரர் மேசையில் ஓங்கித் தட்டியதில் யாருடைய தேநீரோ கொட்டியது. யாரும் துடைக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்குங்க! நம்ம சாம்பல் குருவி இருக்கு!"

எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது. பொய் சொல்வானேன்.

அன்று நாங்கள் கூடியிருந்ததே அந்தக் குருவி அழிந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடத்தான்.

ஓர் இனம் அழிந்தது என்று சும்மா எழுதிவிட முடியாது. கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அது வாழ்ந்த இடமெல்லாம், அது கூவுகிற பருவத்தில், திரும்பத் திரும்பத் தேடியிருக்க வேண்டும். தேடப் போகிறவர்கள் பழைய கூவல் பதிவை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே காட்டுக்குள் நடப்பார்கள். ஆண் குருவி இருந்தால், யாரடா அது என் இடத்தில் என்று கோபித்துக்கொண்டு பதிலுக்குக் கூவும்.

அவசரப்பட்டு எழுதினால் தேடுவதை எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். எங்கோ ஒளிந்திருக்கிற நாலு குருவியும் நிஜமாகவே போய்ச்சேரும்.

போதாக்குறைக்கு, அந்தக் காட்டில் இதுவரை யாரும் கைவைக்காமல் இருந்ததே இந்தக் குருவியின் புண்ணியத்தில்தான். நாங்கள் கையெழுத்துப் போட்டால் கல்குவாரிக்காரர்கள் மறுநாளே லாரியோடு வந்து நிற்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் இந்தப் பதிவு வந்து சேர்ந்தது. போன மாதம், மரத்தில் கட்டி வைத்திருந்த தானியங்கிக் கருவியில் விழுந்தது. மூன்று விசில், அடுத்து ஒரு கரகரப்பு. சாட்சாத் அதேதான்.

"நம்ம பாம்புக்காது என்ன சொல்லுது?" என்றார் தலைவர்.

பாம்புக்காது நான்தான். ஒலிப்பதிவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. நான் சரி என்றால்தான் சரி. குழுவில் எல்லாருக்கும் என்னிடம் கொஞ்சம் பயம் உண்டு. நானும் அதைக் கெடுத்துக்கொள்வதில்லை.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டேன்.

மூன்று விசில். கரகரப்பு. அப்புறம் லேசாக இலை உரசுகிற சத்தம்.

அது இலை இல்லை.

பேசாமல் இருந்துவிடேன் என்று மனசு கெஞ்சியது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குருவியும் பிழைக்கும், காடும் பிழைக்கும். யார் வந்து என்னைக் கேட்கப் போகிறார்கள்?

பாழாய்ப்போன காது. அந்த இடத்தை மட்டும் இரைச்சல் வடிகட்டி, சத்தம் கூட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி போட்டேன்.

"கேட்டுச்சாடி?" என்று ஓர் ஆண்குரல் கிசுகிசுத்தது.

தவளைக்காரர் சிரித்துவிட்டார். "யாருங்க அது? உங்களைக் கேக்குற மாதிரியே இருக்கு!"

"என்னைத்தான். என் வீட்டுக்காரர்."

இந்த உலகத்தில் என்னை 'டி' போட்டுப் பேசிய ஒரே ஆள்.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த புள்ளியியல்காரப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு அக்கா! குருவி கூவினப்போ சார் பக்கத்துலயே இருந்திருக்கார். அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. போன மாதம் அவர் அந்த மரத்தடியில் நின்றிருந்தால், குருவியும் அங்கே இருந்தது என்றுதான் அர்த்தம்.

தவளைக்காரர் சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். மற்றவர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவர் போய் ஆறு வருஷம் ஆச்சும்மா," என்றேன்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கல்யாணமான புதிதில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் எடுத்த பதிவு. அதைத்தான் இன்றும் காட்டில் போடுகிறார்கள். கடைசியில் இருந்த பேச்சை வெட்டாத பிரதியை யாரோ கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள்; மரத்தில் இருந்த கருவி அதைப் பிடித்துக்கொண்டது. பதிலுக்கு எதுவும் கூவவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும், இருக்கிறது, எங்கேயோ இருக்கிறது என்று என் உயிரை வாங்கியவர். கடைசியில் அவர் குரலை வைத்தே அவருடைய குருவியை நான் முடித்து வைத்தேன்.

வேண்டுமானால் வாக்கெடுப்பைத் தள்ளி வைக்கலாமே என்றார் தலைவர். தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாயிற்று, வேண்டாம் என்றேன். முதல் கையை நானே தூக்கினேன். மற்ற கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்தப் பெண் அழுதுகொண்டே தூக்கினாள்.

எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, அவளிடம் அந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

"முதல்லேருந்தா அக்கா?"

"வேணாம். குருவி கூவி முடிச்சதுக்கு அப்புறம்."